வாட்டர் சர்வீஸ் ஷெட்டுக்குப் பித்தளை ஃபிட்டிங் வாங்குவது எப்படி

புதிதாக வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் ஷெட் போடுகிறவர்கள் பம்ப், மோட்டார் விஷயத்தில் நாலு பேரிடம் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். குழாயையும் ஹோஸையும் இணைக்கும் ஃபிட்டிங் என்று வந்ததும் அந்த நிதானம் போய்விடுகிறது. பக்கத்து சானிட்டரி கடையில் ரெண்டு எல்போ, ஒரு டீ, ஒரு பால் வால்வு, டெஃப்லான் டேப் என்று வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஷெட்டில் முதலில் ஒழுகுவதும் அந்த இடம்தான். ஆள் மேல் தெறித்தால் காயம் தருவதும் அதுதான்.

பித்தளை இந்த வேலைக்கு நல்ல உலோகம். துருப்பிடிக்காது, மரை சுத்தமாக வெட்டலாம், நல்ல பம்புகளின் தலைப்பகுதியே ஃபோர்ஜிங் பித்தளையில்தான் வருகிறது. ஆனால் பித்தளை என்ற பெயரில் விற்பதெல்லாம் அழுத்தத்துக்கு ஆகாது. எந்த இடத்துக்கு எது என்று தெரிந்து வாங்க வேண்டும். கீழே சொல்லும் வரிசையிலேயே வேலையைச் செய்யுங்கள். அளவு எடுக்கும் முன் கடைக்குப் போக வேண்டாம்.

முதலில் பம்பின் தகட்டைப் படியுங்கள்

பம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் ரெண்டு எண்கள் முக்கியம்: அழுத்தம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். அழுத்தம் பார், கிலோ, பி.எஸ்.ஐ. என்று மூன்று விதமாக எழுதியிருக்கும். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் விழும் கிலோ. அதுவும் பாரும் ஏறக்குறைய ஒன்றுதான், நம் வேலைக்கு அந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

நம் ஊர் ஷெட்களில் பெல்ட் போட்டு ஓடும் மூன்று பிஸ்டன் பம்புகள் பெரும்பாலும் 500 பி.எஸ்.ஐ., அதாவது 35 கிலோ வகை. பளிச்சென்று கழுவும் பிரஷர் வாஷர்கள் 120 முதல் 200 பார் வரை போகும். இந்த ரெண்டுக்கும் ஒரே ஃபிட்டிங் என்று நினைப்பதில்தான் தப்பு ஆரம்பிக்கிறது.

10 மீட்டர் உயரத்தில் இருக்கும் மொட்டைமாடித் தொட்டி கீழ்க் குழாயில் தரும் அழுத்தம் சுமார் 1 கிலோ. சானிட்டரி கடைச் சரக்கு அந்த உலகத்துக்குச் செய்தது. அரை இஞ்ச் துளை உள்ள ஒரு குழாயின் முனையை மூடி 35 பார் கொடுத்தால், அந்த மூடியைத் தள்ளும் விசை சுமார் 45 கிலோ எடை. அதே துளையில் 150 பார் கொடுத்தால் 190 கிலோவைத் தாண்டும். ஒரு இஞ்ச் துளை என்றால் முக்கால் டன்னுக்கு மேல். சைஸ் பெரிதாகப் பெரிதாக ஃபிட்டிங் மேல் விழும் பாரம் இப்படி ஏறுகிறது. அதனால் 'பெரிய சைஸ் போட்டால் பலமாக இருக்கும்' என்ற பேச்சைக் கேட்காதீர்கள். டெலிவரி பக்கம், அதாவது பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கம், தேவைக்கு மேல் பெரிய சைஸ் வேண்டாம். நிமிடத்துக்கு 15 லிட்டர் தரும் பம்புக்கு மூணு நூல், அதாவது 3/8 இஞ்ச் லைன் தாராளம். தூரம் அதிகம் என்றால் அரை இஞ்ச் போடலாம்.

வாங்கும் ஃபிட்டிங்கின் அழுத்த அளவு, பம்பின் வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். தண்ணீர் அடிக்கும் கன்னின் டிரிக்கரை விட்ட கணத்தில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நிற்கும். கன் மூடியதும் தண்ணீரைப் பைபாஸ் வழியாகத் திருப்பிவிடும் அன்லோடர் வால்வு திறப்பதற்குள் லைனில் அழுத்தம் ஒரு துள்ளு துள்ளி இறங்கும். ஒரு காருக்குப் பல தடவை டிரிக்கரை அமுக்கி விடுகிறோம். அத்தனை தடவையும் இந்த உதை ஒவ்வொரு மரையிலும் விழுகிறது.

அடுத்தது மரை

அழுத்தத்தைவிட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மரையில்தான். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியாவில் பிளம்பிங் மரை என்றால் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் அளவு. அமெரிக்க அளவில் செய்த பம்ப், வால்வு, கன் ஆகியவற்றில் என்.பி.டி. இருக்கும். ரெண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், சொல்லும் அளவும் ஒன்றுதான். ஆனால் பி.எஸ்.பி. மரையின் கோணம் 55 டிகிரி, என்.பி.டி.யின் கோணம் 60 டிகிரி. கால் இஞ்ச், மூணு நூல் சைஸ்களில் பி.எஸ்.பி.க்கு இஞ்சுக்கு 19 மரை, என்.பி.டி.க்கு 18. மாற்றிப் போட்டால் ரெண்டு மூன்று சுற்றிலேயே இறுகி நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். அரை இஞ்சும் முக்கால் இஞ்சும்தான் ஏமாற்றும். ரெண்டு வகையிலும் இஞ்சுக்கு 14 மரைதான் என்பதால் சுலபமாக ஏறிவிடும், ஸ்பேனருக்கும் இறுக்கமாகத்தான் தெரியும். ஆனால் கோணம் சேராததால் மரைக்குள் சுருளாக ஒரு இடைவெளி ஓடும். எத்தனை சுற்று டேப் போட்டாலும் அழுத்தம் ஏறியதும் அந்த வழியாகக் கசியும். கசிகிறதே என்று மேலும் இறுக்குவோம், பித்தளை வாய் பிளந்துவிடும்.

இதைத் தவிர்க்க விட்டம் அளக்க ஒரு வெர்னியர் காலிபரும், மரையோடு ஒட்டிப் பார்க்கப் பல் வெட்டிய தகடான மரை கேஜும் வேண்டும். இரண்டும் சேர்ந்து பெரிய விலை இல்லை. ஆண் மரையின் வெளி விட்டத்தை அளந்து பாருங்கள். பி.எஸ்.பி.யில் கால் இஞ்ச் 13.16 மில்லிமீட்டர், மூணு நூல் 16.66, அரை இஞ்ச் 20.96, முக்கால் 26.44, ஒரு இஞ்ச் 33.25. அரை இஞ்ச் என்று வாங்கியது 21 மில்லிமீட்டர் இருக்கிறதே என்று புதியவர்கள் குழம்புவார்கள். குழாய் சைஸ் என்பது பழைய காலத்து உள் துளையை வைத்து வந்த கணக்கு, வெளி அளவோடு ஒத்துப்போகாது. அளவு சந்தேகமாக இருந்தால் மரை கேஜை வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பல்லுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது.

பி.எஸ்.பி.யிலும் ரெண்டு வகை உண்டு. ஒன்று கூம்பு மரை, நுனியில் ஒல்லியாகி வரும். 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் விட்டம் குறையும். மற்றது நேர் மரை. ஒரு ஸ்கேலை மரையின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தால் எது என்று தெரிந்துவிடும். கூம்பு மரை மரையிலேயே இறுகி அடைக்கும், அதற்கு டேப் போடலாம். நேர் மரை மரையில் அடைக்காது. அதன் அடியில் வாஷரோ ஓ-ரிங்கோ உட்கார்ந்துதான் அடைக்கும். இதற்கு டவுட்டி வாஷர் வாங்குங்கள், இரும்பு வளையத்தின் உள் ஓரத்தில் ரப்பர் உதடு வைத்தது. நேர் மரைக்கு டேப்பைச் சுற்றிச் சுற்றி ஏற்றுவது 35 கிலோவில் கொஞ்ச நாள் ஓடலாம், 150 பாரில் ஓடாது.

பிரஷர் வாஷர் ஹோஸ் முனையில் இன்னொன்று வரும்: எம்22. 22 மில்லிமீட்டர் விட்டம், பல்லுக்குப் பல் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி (பிட்ச்) உள்ள மெட்ரிக் மரை, பெரும்பாலும் கையாலேயே இறுக்குவது. மரை எல்லாவற்றிலும் ஒன்றுதான். நடுவில் உள்ளே போகும் குழல் மட்டும் சிலதில் 14 மில்லிமீட்டர், சிலதில் 15 மில்லிமீட்டர். 15 குழல் 14 ஓட்டைக்குள் போகாது, பிரச்சினை இல்லை. 14 குழல் 15 ஓட்டைக்குள் ஒழுங்காகப் போய்விடும், மரையும் ஏறிவிடும். ஸ்டார்ட் செய்ததும் சுற்றிலும் பீய்ச்சும். ஓ-ரிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தும் நிற்காது. ஹோஸ் வாங்கும்போது கன்னையும் கையோடு எடுத்துப் போங்கள், அல்லது அந்தக் குழலை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

ஹைட்ராலிக் ஹோஸ் முனையை மெஷினில் நெருக்கிப் பூட்டும், அதாவது கிரிம்ப் செய்யும் கடை அல்லது பம்ப் ஸ்பேர் கடைக்குப் போவது நல்லது. இந்தியாவில் பித்தளை உதிரிகளுக்குப் பெரிய மையம் குஜராத்தின் ஜாம்நகர். அங்கிருந்து வருவதில் முதல் தரமும் உண்டு, வெறும் தண்ணீர்க் குழாய்க்கான மெல்லிய சரக்கும் உண்டு. ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்காமல் பொருளைப் பார்த்து வாங்குங்கள்.

செய்யும் விதத்தில் மூன்று வகை. கம்பியிலிருந்து லேத்தில் கடைந்தது, சூடாக்கி அச்சில் அடித்த ஃபோர்ஜிங், உருக்கி ஊற்றிய வார்ப்பு. ஹெக்ஸ் நிப்பிள், புஷ், அடாப்டர் போன்ற நேர் உருப்படிகள் கம்பியில் கடைந்ததாக இருந்தால் போதும். எல்போவும் டீயும் ஃபோர்ஜிங்கில்தான் வாங்க வேண்டும். அதற்கென்று பரவலாகப் பயன்படும் பித்தளைத் தரத்தின் எண் சி.டபிள்யூ. 617 என். கடைசலுக்கு சி.டபிள்யூ. 614 என். நம் நாட்டுக் கடைசல் கம்பிக்கு ஐ.எஸ். 319 என்ற தரம் உண்டு. இந்த எண்களைக் கேட்டால் பதில் சொல்லும் கடை ஒன்று கிடைத்தால் அதை விடாதீர்கள்.

மணல் வார்ப்பு எல்போவில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். 1 கிலோவில் ஒன்றும் ஆகாது. 100 பாரில் உடம்பிலேயே வியர்த்தது மாதிரி தண்ணீர் துளிர்க்கும், மரையில் ஒரு சொட்டும் இருக்காது. எல்போவின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பில் உள் வளைவு சொரசொரப்பாக, மணல் ஒட்டியெடுத்தது போல இருக்கும். ஃபோர்ஜிங்கில் துளையை ரெண்டு பக்கமும் டிரில் போட்டு எடுத்திருப்பார்கள், நடுவில் துளைகள் சந்திக்கும் கூர்மையான மூலை தெரியும். வெளியே அச்சு சேர்ந்த கோடு மெல்லியதாக ஓடும். அதே சைஸில் ரெண்டு எல்போவைக் கையில் வைத்துப் பாருங்கள், கனமானது எது என்று கை சொல்லும். மரையின் அடிக்கும் வெளிச் சுவருக்கும் நடுவே எவ்வளவு உலோகம் மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு.

ஒரு சின்னக் காந்தம் பையில் இருக்கட்டும். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் அது பித்தளைப் பூச்சு போட்ட இரும்பு. பளபளவென்று குரோம் பூசியதாக இருந்தால் மரை ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுக்கச் சம்மதம் கேளுங்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால் சரி. சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகக் கலவை, அது நமக்கு வேண்டவே வேண்டாம்.

உடம்பில் பொறித்த எழுத்தைப் படியுங்கள். பால் வால்வில் 'பி.என். 25' என்று இருந்தால் 25 பார், '600 டபிள்யூ.ஓ.ஜி.' என்றால் 600 பி.எஸ்.ஐ., கிட்டத்தட்ட 41 பார். 35 கிலோ பம்புக்கு முதலாவது ஆகாது, ரெண்டாவதும் இழுபறிதான். 150 பார் லைனில் ரெண்டையுமே போடக் கூடாது. ஹை பிரஷர் பால் வால்வு என்று தனியாக வருகிறது, அதில் அழுத்த அளவு பொறித்தே இருக்கும். ஒன்றும் பொறிக்காத வால்வைக் கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் டெலிவரி பக்கம் வைக்காதீர்கள்.

எங்கே பித்தளை, எங்கே வேண்டாம்

தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் இல்லை. அங்கே சாதாரணப் பித்தளை ஹோஸ் நிப்பிளும் நல்ல கிளிப்பும் போதும். பம்பின் வாய் அளவுக்குக் குறையாத சைஸ், காற்று இழுக்காத ஜாயின்ட், ஒரு வடிகட்டி, இவ்வளவுதான்.

டெலிவரி பக்கம் பம்பின் வாயிலேயே அன்லோடர், அழுத்தம் காட்டும் கேஜ், டீ, வால்வு என்று பித்தளையை மரம் மாதிரி கிளை விட்டுத் தொங்கவிடாதீர்கள். பம்ப் ஓடும்போதெல்லாம் அதிரும், அத்தனை எடையும் கடைசி மரையில் ஆடும், ஒரு நாள் நிப்பிள் கழுத்தோடு முறியும். அன்லோடரை மட்டும் பம்பில் வைத்து, அங்கிருந்து ஒரு மீட்டர் ஹோஸ் கொடுத்து, மற்றதைச் சுவரில் கிளாம்ப் அடித்து வையுங்கள். கேஜ் கிளிசரின் நிரப்பியதாக இருக்கட்டும். 150 பார் லைனுக்கு 250 வரை காட்டும் கேஜ் சரி.

ஹோஸ் ஒரு கம்பி வலை உள்ளது ஆர்1, ரெண்டு வலை உள்ளது ஆர்2. மூணு நூல் சைஸில் ஐரோப்பியத் தர அளவுப்படி முதலாவது 180 பார், ரெண்டாவது 330 பார் வேலை அழுத்தத்துக்கு. முனைகளைக் கடையில் மெஷினில் கிரிம்ப் செய்து வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் கிளிப்புக்கு இடமே இல்லை. சுவரோடு ஓடும் லைனுக்கு வீட்டு சி.பி.வி.சி. குழாய் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுவர் தடித்த எஸ்.டி.ஆர். 11 வகையே 23 டிகிரி தண்ணீரில் 400 பி.எஸ்.ஐ.தான், 82 டிகிரியில் வெறும் 100. போடக் கூடாது.

கன்னுக்கு முன்னால், சட்டென்று மாட்டிக் கழற்றும் குயிக் கப்ளர் வைத்தால் வேலை சுலபம். அதில் பெண் பாகம் பித்தளையாக இருக்கலாம். உள்ளே போகும் பிளக் மட்டும் ஸ்டெயின்லெஸ் அல்லது கடினப்படுத்திய இரும்பில் வாங்குங்கள். பித்தளை பிளக்கின் பள்ளத்தை உள்ளே இருக்கும் குண்டுகள் சீக்கிரம் தேய்த்துவிடும், தேய்ந்த பிளக் அழுத்தத்தில் கழன்று பறக்கும்.

கடலோர ஊர்களிலும் உப்புப் போர் தண்ணீர் உள்ள இடங்களிலும் சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறும். மஞ்சள் மாறி இளஞ்சிவப்புத் திட்டு விழும், அந்த இடத்தில் உலோகம் சுரண்டினால் உதிரும் அளவுக்குப் பலம் போயிருக்கும். அப்படிப்பட்ட தண்ணீருக்கு, துத்தநாகம் கரைவதைத் தாங்கும் டி.இசட்.ஆர். வகையான சி.டபிள்யூ. 602 என் பித்தளை, அல்லது 316 ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் மரை ஏற்றும்போது பிடித்துக்கொள்ளும், அதற்கென்று உள்ள பேஸ்ட் தடவாமல் இறுக்காதீர்கள்.

கெமிக்கல் இன்னொரு எதிரி. அம்மோனியா கலந்த கிளீனர் எதையும் பித்தளை லைனில் விடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை லாயங்களிலிருந்து வந்த அம்மோனியாவும் ஈரமும், உறையைச் செய்யும்போதே உலோகத்தில் தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்து உடைத்தன என்பது 1921-இல்தான் விளங்கியது. ஃபிட்டிங்கிலும் அதே கதைதான். அளவுக்கு மேல் இறுக்கிய பெண் மரையில் இழுவிசை எப்போதும் உட்கார்ந்திருக்கும், அம்மோனியா பட்டால் நீளவாக்கில் வெடிக்கும். வீலுக்குப் போடும் ஆசிடும் பித்தளையைத் தின்னும். ஃபோம் அடித்து முடித்ததும் கன்னை ரெண்டு நிமிடம் வெறும் தண்ணீரில் ஓட விடுங்கள்.

மாட்டுவது

ஃபிட்டிங் எண்ணிக்கையை முதலில் குறையுங்கள். ரெட்யூசர் மேல் ரெட்யூசர் போட்டு அளவைச் சேர்ப்பதைவிட, அதே வேலைக்கு ஒரே அடாப்டரை லேத்தில் கடையச் சொல்வது நல்லது. செலவு கொஞ்சம் கூடும், கசியும் இடம் மூன்றிலிருந்து ஒன்றாகும்.

மரையைப் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, முதல் மரையை விட்டுவிட்டு டேப்பைச் சுற்றுங்கள். மரை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில், நன்றாக இழுத்து நாலைந்து சுற்று. முதல் மரையை மூடினால் டேப்பின் துணுக்கு உள்ளே போய் அன்லோடரிலோ நாசிலிலோ மாட்டும். நாசிலின் ஓட்டை ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர்தான், சின்னத் துணுக்கு போதும் அதை அடைக்க. கையால் முடிந்தவரை இறுக்கி, அப்புறம் ஸ்பேனரால் ஒன்றரை முதல் ரெண்டு சுற்று. அதற்கு மேல் போகிறதென்றால் மரை தேய்ந்தது அல்லது வகை மாறியது என்று அர்த்தம், கழற்றிப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும். பைப் ரெஞ்சின் பல் பித்தளையில் ஆழமாக இறங்கும், அந்தக் கீறல்தான் பிறகு விரிசலாகும்.

ஓ-ரிங்குக்கு சாதாரணத் தண்ணீரில் என்.பி.ஆர். ரப்பர் போதும். சுடுதண்ணீர் என்றால் இ.பி.டி.எம்., ஆனால் அதில் எண்ணெயும் கிரீஸும் படக் கூடாது, உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸ் தடவினால் ரெண்டுக்கும் பொருந்தும்.

முதல் ஓட்டம்

நாசிலைக் கழற்றிவிட்டு ரெண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள், லைனில் உள்ள துகளெல்லாம் போகட்டும். நாசிலை மாட்டி, அன்லோடரைத் தளர்த்தி, குறைந்த அழுத்தத்தில் ஆரம்பியுங்கள். கேஜைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வேலை அழுத்தம் வந்ததும் டிரிக்கரை விட்டு விட்டு அமுக்குங்கள். விட்டதும் முள் லேசாக ஏறி நின்றால் சரி. ரொம்ப உயரத் துள்ளினால் அன்லோடர் சரியாகத் திறக்கவில்லை, அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். டிரிக்கரை விட்டபடியே பம்பை நெடுநேரம் ஓட்டவும் கூடாது. அதே தண்ணீர் பைபாஸில் சுற்றிச் சுற்றிச் சூடாகி, பம்பின் சீல்தான் முதலில் போகும்.

இந்த நேரத்தில் ஜாயின்ட்டுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை அளவு கசிவு 150 பாரில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது, உள்ளே தசை கெட்டுக்கொண்டிருக்கும். யாருக்காவது அப்படிப் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், உயர் அழுத்தத் தண்ணீர் உள்ளே ஏறியது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கெமிக்கல் கலந்த தண்ணீர் என்றால் அதையும் சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டைக் காட்டினால் போதும். கண்டுபிடித்ததும் மோட்டாரை நிறுத்தி, டிரிக்கரை அமுக்கி லைனில் உள்ள அழுத்தத்தை வெளியே விட்டு, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

முதல் வாரம் தினமும் காலையில் ஒருமுறை எல்லா ஜாயின்ட்டையும் கண்ணால் பாருங்கள். பச்சை படிந்த இடம் இருந்தால் அங்கே மெதுவாகக் கசிகிறது. உபரியாக உங்கள் சைஸில் ரெண்டு டவுட்டி வாஷர், ஓ-ரிங் ஒரு செட், ஒரு ஹெக்ஸ் நிப்பிள், ஒரு குயிக் கப்ளர் பிளக் ஷெட்டிலேயே இருக்கட்டும். அளந்து எழுதிய மரை அளவுகளைப் பம்ப் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்தால், நீங்கள் இல்லாத நாளிலும் வேலை செய்யும் பையன் சரியான உருப்படியை வாங்கி வருவான்.